பல்திரை அறிதலும் எழுத்தின் புள்ளியும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

1985ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து, இந்நாளில் விருதுநகர் மாவட்டம் என வழங்கும் நிலப்பகுதியில், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னையது 1936ஆம் ஆண்டு முதற்கொண்டு பஞ்சாலையாற் பெயர்பெற்றது. பின்னையது பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமையுடையது. இவ்விரண்டு ஊர்களையும் சூழ்ந்த கோயில்களில் உள்ள கல்வெட்டுகளை ஆராய்வார், மசிப்படியை மேசைமேல் விரித்து வைத்துக் கைவிளக்கால் நோக்கிய காலம் பெரும்பான்மையும் கழிந்தது. மசிப்படியின் நிழற்படத்தைக் கணித்திரை ஒன்றில் இட்டு, பாடத்தை மற்றொரு திரையில் எழுதுவதே இன்றைய வழக்கம்.

ஆயின் ஒரு வினா எழுகின்றது. தன்முன் எத்தனை திரைகள் உள்ளன, அவை ஒவ்வொன்றின் அளவும் யாது என்பதனை அப்படத்தைக் காட்டும் நிரல் எவ்வாறு அறிகின்றது? இது பொறியியலார்க்கு உரிய வினா, தமிழாராய்ச்சிக்கு இதனோடு தொடர்பில்லை என்று கூறுவார் உளர். யாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு என்பதனை எம் பிழையொன்றே எமக்கு உணர்த்திற்று. அப்பிழையைக் கூறுமுன், நிரல்கள் திரையை அறிந்த வரலாற்றை முறையே காண்பது பொருத்தமாகும்.

இழையெண்ணும் அளவுகோலும்

முதற்கண் சொற்களின் பொருளைத் தெளிவாக வரையறுத்துக்கொள்வோம். கணித்திரை என்பது மிகச் சிறிய ஒளிப்புள்ளிகளின் நிரைகளால் ஆயது. அவற்றைப் படப்புள்ளிகள் என்பர். கிடையாக 1920, நெடுக்காக 1080 படப்புள்ளிகள் உள்ள திரையை 1920க்கு 1080 தெளிதிறன் உடையது என்று வழங்குவர். இவ்வெண் திரையின் நீளத்தைக் கூறுவதன்று, அதன்கண் உள்ள புள்ளிகளின் தொகையையே கூறுவது. உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியும் சுவரில் மாட்டும் பெருந்திரையும் ஒரே தெளிதிறன் உடையனவாய் இருத்தல் கூடும்.

இவ்வேறுபாட்டை இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியார்க்கு விளக்க வேண்டுவதில்லை. மருத்துவர்கள் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்யும் ஊர் அது. துணியின் நீள அகலம் ஒன்று, ஓர் அங்குலத்துக்குள் ஓடும் பாவிழை ஊடையிழைகளின் எண்ணிக்கை மற்றொன்று என்பது அங்குள்ள தறிக்காரர் யாவரும் அறிந்தது. இரண்டு துணிகள் ஒரே நீள அகலம் உடையனவாயினும், இழைநெருக்கம் குறைந்தால் ஒன்று வலைத்துணி ஆகிவிடும். திரைக்கும் இஃது ஒக்கும். திரையின் பருமை, புள்ளிகளின் தொகை, ஓர் அங்குலத்திற் புள்ளிகளின் நெருக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. நிரல்கள் திரையை அறிந்த வரலாறு, இம்மூன்றனையும் ஒன்றெனக் கருதி மயங்கி, பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்த வரலாறேயாகும்.

கல்வெட்டு வழக்கிலும் இதற்கு ஓர் ஒப்புமை காண்கின்றோம். நிலத்தின் பரப்பைக் கூறுங்கால், இன்ன கோலால் அளக்கப்பட்டது என்பதனையும் உடன்கூறும் மரபு பண்டு இருந்தது. பதினாறு சாண் கோல், பதினெட்டுச் சாண் கோல், சுந்தரபாண்டியன் கோல் முதலாகப் பல கோல்கள் வழங்கின. கோலின் அளவு மாறினால் குழியின் அளவும் மாறும். ஆதலின் கோலைக் கூறாது விடப்பட்ட எண் பின்னாளார்க்குப் பயன்படாது என்பதனை அக்காலத்து எழுதுவித்தோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஊகித்து அறிதல்

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிக்கணினியை வெளியிட்டபோது அதற்கு இருவகைத் திரையட்டைகள் இருந்தன. ஒன்று எழுத்தை மட்டும் காட்டும் ஒருநிற அட்டை. அதில் 720க்கு 350 படப்புள்ளிகள். ஓர் எழுத்திற்கு ஒன்பதுக்குப் பதினான்கு புள்ளிகள் கொண்ட கட்டம் உண்டு. மற்றொன்று வண்ண அட்டை. அதன் எழுத்துக் கட்டம் எட்டுக்கு எட்டே. இவ்வெட்டுக்கு எட்டுக் கட்டத்துள் ஆங்கில எழுத்து அடங்கும். தமிழின் ‘ணை’, ‘ஞௌ’ போன்றவை அதனுள் வடிவு சிதையாது அடங்கா என்பது எழுதிப் பார்ப்பார்க்கு எளிதிற் புலனாகும்.

இவ்விரண்டு அட்டைகளும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளைக் கொண்டிருந்தமையின், இரண்டையும் ஒரே கணினியிற் பொருத்தி இரண்டு திரைகளை வைத்துக்கொள்ளுதல் இயன்றது. நிரல் எழுதுவோர் சிலர் ஒரு திரையில் நிரலையும், மற்றொன்றில் அதன் பிழை காட்டும் கருவியையும் இயக்கினர். ஆகவே இருதிரை வழக்கு தனிக்கணினியின் பிறப்போடு உடன்பிறந்ததே என்னலாம்.

எனினும் திரைகளின் பட்டியலை நிரலுக்குத் தருவார் அக்காலத்தில் இலர். கணினி இயங்கத் தொடங்கும்போது எவ்வகைத் திரை கொண்டது என்பதனை அடிப்படை உள்ளீட்டு முறைமை ஒரு சிறு குறிப்பில் வைத்திருக்கும். நிரல் அதனைப் படித்துக்கொள்ளும். அக்குறிப்பிற் காணாதவற்றை ஊகித்தே அறிதல் வேண்டும். 1982இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டையை ஒருநிற அட்டையினின்றும் பிரித்தறிய நிரல்கள் கையாண்ட வழி இதற்குத் தக்க சான்று. அட்டையின் நிலையைக் காட்டும் ஓரிடத்தில் குறித்த ஒரு பிட்டு மாறுகின்றதா என்று நிரல் சிறிது நேரம் நோக்கியிருக்கும். மாறின் ஹெர்குலிஸ், மாறாதிருப்பின் பழைய அட்டை. புகையைக் கண்டு நெருப்பை உணரும் அனுமான அளவை இஃது.

வினவி அறிதல்

1987ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்டோஷ் டூ என்னும் கணினியில் ஆறு விரிவாக்கச் செருகிடங்கள் இருந்தன. அவற்றிற் பல திரையட்டைகளைச் செருகிப் பல திரைகளை ஒரே பரந்த வெளியாக ஆக்குதல் கூடிற்று. ஒவ்வொரு திரைக்கும் ஒரு பதிவேடு இருந்தது. அப்பதிவேடுகள் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொடர்ந்தன. நிரல் அச்சங்கிலியைப் பற்றிச் சென்று ஒவ்வொரு திரையின் இடத்தையும் அளவையும் படிக்கலாம். ஊகம் ஒழிந்து வினாவும் விடையும் தோன்றிய நிலை ஈதே.

அதே ஆண்டில் வெளிவந்த எக்ஸ் விண்டோ முறைமையின் பதினோராம் பதிப்பும் பல திரைகளை ஏற்றது. ஆயினும் அங்கு ஒவ்வொரு திரையும் தனித்தனி எண்ணுடைய தனியுலகமாக நின்றது. ஒன்றில் திறந்த சாளரத்தை மற்றொன்றுக்கு நகர்த்த இயலாது. அக்குறை 1998இல் சினெராமா என்னும் நீட்சியால் நீங்கிற்று. திரைகளை இடையிற் செருகலும் நீக்கலும் ஆகியவற்றை நிரலுக்கு உணர்த்தும் வழி 2007இல் மற்றொரு நீட்சியால் விரிவுற்றது.

நம்மிடையே மிகுதியும் பரவிய விண்டோஸ் முறைமை, பல திரைகளை நிரல்கட்கு முறையாக அறிவிக்கத் தொடங்கியது 1998இல், விண்டோஸ் 98 பதிப்பிலேயாம். அதற்கு முன்னர் ‘கெட் சிஸ்டம் மெட்ரிக்ஸ்’ என்னும் செயற்கூற்றை அழைத்தால் முதன்மைத் திரையின் அகலமும் உயரமும் மட்டும் கிடைக்கும். புதிய பதிப்பில் ‘எனும் டிஸ்ப்ளே மானிட்டர்ஸ்’ என்பது சேர்க்கப்பட்டது. இதன் முறை நோக்கத்தக்கது. நிரல் முறைமையினிடம் ஒரு செயற்கூற்றை ஒப்படைக்கும். முறைமையோ தான் அறிந்த திரை ஒவ்வொன்றிற்கும் ஒருமுறை அச்செயற்கூற்றை அழைக்கும். திரைகள் மூன்றாயின் மூன்று முறை அழைப்பு வரும். ஒவ்வோர் அழைப்பிலும் கிடைக்கும் அடையாளத்தைக்கொண்டு, திரையின் நான்கு எல்லைகளும், பணிப்பட்டை நீங்கலாக எஞ்சும் இடமும், அது முதன்மைத் திரையா அன்றா என்பதும் கேட்டறியலாம். ஊரில் எத்தனை வீடு என்று மட்டும் கேளாது, வீடுதோறும் சென்று எல்லை கேட்கும் நில அளவையாளர் செயலை இஃது ஒக்கும்.

இவ்வெல்லைகளில் ஒரு நுட்பம் உண்டு. முதன்மைத் திரையின் இடப்பக்க மேல்மூலையே சுன்னம். அதன் வலப்புறத்தில், அதனைப் போன்றே 1920 அகலமுள்ள திரை இருப்பின் அதன் ஆயத்தொலை 1920இல் தொடங்கும். இடப்புறத்தில் இருப்பினோ எதிர்ம எண்ணாகிய –1920இல் தொடங்கும். எதிர்ம எண் வாராது என எண்ணி எழுதப்பட்ட பழைய நிரல்கள் இடத்திரையில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

மற்றும் ஒன்று. 1920க்கு 1080 உள்ள திரையும் 1366க்கு 768 உள்ள திரையும் மேல்விளிம்பு ஒத்து அடுத்தடுத்து நிற்பதாகக் கொள்வோம். இரண்டையும் உள்ளடக்கும் பெருஞ்செவ்வகம் 3286க்கு 1080 ஆகும். ஆனால் சிறிய திரையின் கீழ் 1366க்கு 312 அளவுள்ள இடம், அஃதாவது 4,26,192 புள்ளிகள், எத்திரையிலும் இல்லாத வெறுவெளியாம். மொத்தத்தை மட்டும் கேட்ட நிரல் அவ்வெறுவெளியிற் சாளரத்தைத் திறந்துவிட்டால் அது கண்ணுக்குப் புலனாகாது. நேற்று இருந்த இரண்டாம் திரை இன்று நீக்கப்பட்டதாயின், நேற்றைய இடத்தை நினைவிற்கொண்ட நிரலும் இவ்வாறே தவறும். ஆகலின் ஒருமுறை அறிந்தது போதாது, சாளரத்தைத் திறக்கும் பொழுதெல்லாம் வினவுதல் வேண்டும் என்பது பெறப்படும்.

திரை தன்னைத் தானே கூறல்

முறைமை நிரலுக்கு விடை கூறும். முறைமைக்கு அவ்விடையைக் கூறுவார் யார்? இதற்கு 1994இல் விடை கிடைத்தது. வெசா என்னும் தரவமைப்பு அவ்வாண்டில் எடிட் என்னும் குறிப்பேட்டை வகுத்தது. திரை ஒவ்வொன்றும் தன்னுள் 128 பைட்டு அளவுள்ள குறிப்பைத் தாங்கிநிற்கும். கணினி இணைப்புக் கம்பியின் வழியே அதனைப் படித்துக்கொள்ளும்.

இக்குறிப்பேட்டின் அமைப்பு நம் ஏட்டுச்சுவடி மரபை நினைவூட்டுவது. முதல் எட்டுப் பைட்டுகள் மாறா வடிவின. முதலும் எட்டாவதும் சுன்னம், இடைநின்ற ஆறும் 255. இது காப்புப் போன்றது. அடுத்துச் செய்தவர் பெயர் மூன்றெழுத்துக் குறியாக வரும். 22ஆம், 23ஆம் பைட்டுகள் திரையின் அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் தரும். 55ஆம் பைட்டில் தொடங்கும் பகுதி அத்திரை விரும்பும் தெளிதிறனைக் கூறும். இறுதியாகிய 128ஆம் பைட்டு, அனைத்தையும் கூட்டின் 256ஆல் மீதியின்றி வகுபடுமாறு இடப்பட்ட சரிபார்ப்பு எண். செய்யுள் தொகையை இறுதியிற் குறித்து, ஏடு சிதைந்துழி அறியவைத்த பழைய எழுத்தாளர் செயலே ஈண்டும் காணப்படுகின்றது.

புள்ளிகளின் தொகையும் சென்டிமீட்டர் அளவும் ஒருங்கே கிடைத்தமையால், அங்குலத்திற் புள்ளி எத்தனை என்று கணக்கிடும் வாய்ப்பு ஏற்பட்டது. எனினும் ஒரு விலக்கு உண்டு. வகுப்பறையிற் சுவரின்மேல் ஒளிபாய்ச்சும் கருவிக்கு நிலையான பருமை இல்லை. ஆதலின் அவ்விரண்டு பைட்டுகளும் சுன்னமாய் இருத்தல் கூடும். அந்நிலையில் நெருக்கத்தைக் கணக்கிடப் புகும் நிரல், சுன்னத்தால் வகுக்கும் பிழையில் வீழாது காத்துக்கொள்ளல் வேண்டும்.

மறைத்துக் கூறல்

பழைய மக்கின்டோஷ் அங்குலத்திற்கு 72 புள்ளி என்றும், விண்டோஸ் 96 என்றும் கொண்டிருந்தன. பின்னர் நெருக்கம் மிகுந்த திரைகள் வந்தன. 2010இல் தொலைபேசியிலும், 2012இல் ஆப்பிளின் மடிக்கணினியிலும் இவை பரவலாயின. மடிக்கணினித் திரையின் தெளிதிறன் 2880க்கு 1800. இத்தகைய திரையிற் பழைய நிரலின் எழுத்து எறும்பளவாய்ச் சிறுத்துவிடும். அதனைப் போக்க முறைமைகள் ஓர் உபாயம் கண்டன. பழைய நிரலுக்குத் திரையின் உண்மை அளவைக் கூறாது, குறைத்துக் கூறி, அது வரைந்த படத்தைத் தாமே பெருக்கிக் காட்டுதல் அவ்வுபாயம். விண்டோஸ் விஸ்டா பதிப்பில் இம்முறை தோன்றிற்று. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி நெருக்கம் உண்டு என்பதனை நிரல் உணர வழி செய்தது 2013இல் வந்த விண்டோஸ் 8.1.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். 3840க்கு 2160 தெளிதிறன் உள்ள திரை, நூற்றுக்கு நூற்றைம்பது பெருக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. நெருக்கத்தை உணராத நிரல் வினவினால் 2560க்கு 1440 என்ற விடையே கிடைக்கும். உண்மையில் 82,94,400 புள்ளிகள் உள. நிரலோ 36,86,400 புள்ளிகளிலேயே வரையும். இஃது ஒன்பதில் நான்கு பங்கு. எஞ்சிய ஐந்து பங்கும் இருப்பதனைப் பெருக்கிப் பூசி நிரப்பியது. பயன் கருதிச் சொல்லப்பட்ட இவ்விடை கடைக்காரர்க்கும் கணக்கர்க்கும் நன்மையே செய்வது. எழுத்தாராய்வார்க்கோ கேடு தருவது.

இணைய உலாவிகள் பிறிதொரு காரணம்பற்றி உண்மையை மறைத்தன. திரைகளின் தொகையும் அளவும் அறிந்தால், பயன்படுத்துவார் இன்னார் என அடையாளங் காணல் எளிதாகிவிடும். எனவே அவை சாளரம் நிற்கும் ஒரு திரையின் அளவை மட்டுமே கூறிவந்தன. 2022இல் குரோம் உலாவி, பயன்படுத்துவாரின் இசைவு பெற்ற பின்னரே அனைத்துத் திரைகளின் விவரத்தையும் கூறும் முறையை ஏற்றது. ஊகம், வினா, தன்கூற்று, மறைப்பு, இசைவு என இவ்வரலாறு ஐந்து படிகளில் நடந்துள்ளமை காண்க.

யாம் கண்ட பிழை

இனி எம் அனுபவத்தைக் கூறுவோம். திருவில்லிபுத்தூரை அடுத்த சிற்றூர்க் கோயில் ஒன்றிற் படியெடுத்த மசிப்படியின் நிழற்படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம். மெய்யெழுத்தும், குறிலாகிய எகர ஒகரங்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய நெறி. ஆயினும் கல்வெட்டுகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை, சிலவற்றில் அருகிக் காணப்படும். ஆகலின் புள்ளியின் இருப்பும் இன்மையும் எழுத்தாராய்ச்சியிற் சான்றாக எடுக்கப்படுபவை. எம் படத்திற் புள்ளி யாண்டும் இல்லை எனக் குறித்து, அதன்மேல் ஒரு காலக் கருத்தையும் எழுதத் தொடங்கிவிட்டோம்.

எம்மோடு பணிபுரியும் இளைஞர் ஒருவர் அதே படத்தை வேறொரு திரையிற் கண்டு, ஐந்திடங்களிற் புள்ளி தெரிகின்றது என்றார். கல்லின் பொரிவைப் புள்ளி என மயங்கினார் என்றே முதலில் யாம் கருதினோம். பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம். படத்தின் அகலம் 6000 படப்புள்ளி. அதிற் கல்வெட்டுப் புள்ளியின் அகலம் நான்கு. எம் மடிக்கணினித் திரையின் அகலம் 1366. முழுப்படத்தையும் திரைக்குள் அடக்கியவழி, கல்வெட்டுப் புள்ளி ஒரு படப்புள்ளியினும் குறைந்து, சுற்றிய கருமையிற் கரைந்தது. பின் எம் மேசையில் இருந்த 3840 அகலத் திரையிலும் நோக்கினோம். அதில் இரண்டரைப் புள்ளி அகலம் தோன்றியிருத்தல் வேண்டும். எம் நிரலோ நெருக்கத்தை உணராதது. 2560 எனக் கேட்டு அதற்கேற்ப வரைந்தமையால் ஒன்றேமுக்காலுக்கும் குறைந்து, பெருக்கத்தில் மங்கிற்று. பெரிய திரையிலும் நோக்கினோம் என்று யாம் கொண்ட உறுதி பொய்யுறுதி ஆயிற்று.

கோயிலுக்கு மீண்டும் சென்று, விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்துக் கல்லையே நோக்கினோம். ஐந்தனுள் மூன்று உளிகொண்டு இட்ட புள்ளிகள். இரண்டு கல்லின் பொரிவுகள். இளைஞர் கூற்றும் முழுதும் பொருந்திற்றில்லை, எம் கூற்றோ முழுதும் பொய்த்தது. எழுதத் தொடங்கிய காலக் கருத்தைக் கைவிட்டோம். கல்லில் இல்லாத புள்ளி வேறு, திரை காட்டாத புள்ளி வேறு என்னும் தெளிவே இதனாற் பெற்ற பயன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். ஒன்று, திரையினின்று படித்தெழுதும் ஆராய்வாளர் படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி என்னும் நேரளவில் வைத்து நோக்கிய பின்னரே, ஒரு குறி இல்லை என்று எழுதுதல் வேண்டும். இரண்டு, பாடத்தோடு படத்தின் அளவு, திரையின் தெளிதிறன், பெருக்கம் ஆகிய மூன்றனையும் குறித்தல் வேண்டும். மூன்று, கல்வெட்டுப் படிக்கும் நிரல்களை ஆக்குவோர், அவற்றைத் திரைதோறும் தனித்தனி வினவுவனவாகவும், உண்மை அளவைக் கேட்டுப் பெறுவனவாகவும், சாளரம் ஒரு திரையினின்றும் மற்றொன்றுக்கு நகரும்போது மீண்டும் வினவுவனவாகவும் ஆக்குதல் வேண்டும். இராசபாளையத்திற் பஞ்சாலை தொடங்கிய குடும்பத்தின் தொழிற்குழுமமே பின்னர் மென்பொருள் துறையிலும் புகுந்தது. இரண்டு ஊர்களுக்கும் அண்மையில் உள்ள கிருட்டிணன்கோயிலில் 1984 முதற் பொறியியற் கல்வி நடைபெறுகின்றது. ஆதலின் தமிழ்த்துறையாரும் கணினித்துறையாரும் கூடி இத்தகைய கருவியை இப்பகுதியிலேயே ஆக்குதல் அரிதன்று.

சூடிக்கொடுத்தவள் மாலை அணிந்து தன் உருவத்தை நோக்கியதாகக் கூறும் கண்ணாடிக் கிணறு, திருவில்லிபுத்தூர்க் கோயிலில் இன்றும் காட்டப்படுகின்றது. நீர் அசையாது நின்றாலன்றி அதில் உருவம் தெளிவாகத் தோன்றாது. எம் கருவியும் அத்தகையதே. அதன் நிலையை முதற்கண் அறிந்து, பின்னர் அதிற் கண்டதனைக் கூறுவோமாயின் எம் கூற்று நிற்கும். அளந்த கோலைப் பொறித்த பின்னரே நிலத்தின் அளவைப் பொறித்த முன்னோர் காட்டிய நெறியும் அதுவேயாம்.